முதுகுவலிக்காரர்கள் கவனத்திற்கு: ‘ஆர்த்தோ’ என்ற சொல்லை நம்பி நான் வாங்கிய மெத்தை

ஒன்பது ஆண்டுகளாகக் கீழ்முதுகு வலியோடு குடித்தனம் நடத்தி வருகிறவன் நான். இடுப்புப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் சற்றே பிதுங்கியிருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. அறுவை சிகிச்சை தேவையில்லை, உடற்பயிற்சியும் உட்காரும் முறையும்தான் மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட ஒருவன் மெத்தைக் கடைக்குள் நுழையும்போது, ‘இவன் எதையும் நம்புவான்’ என்று அவன் நெற்றியில் எழுதியிருக்கும் போலிருக்கிறது. சென்ற ஆண்டு நான் வாங்கிய மெத்தையைப் பற்றியும், அதற்குப் பிறகு ஏழு மாதங்கள் அந்த நிறுவனத்தோடு நான் நடத்திய கடிதப் போக்குவரத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே சொற்களைக் கொண்டு இதே விதமாக விற்பவர்கள் பலர் இருப்பதால், ஒரு பெயரைச் சொல்லி மற்றவர்களுக்கு நற்சான்று கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது.

கடையில் நான் வாய் திறப்பதற்கு முன்பே, “முதுகுவலியா சார்?” என்று விற்பனையாளர் கேட்டார். உட்காரும்போது நான் தொடையில் கையூன்றியதைக் கவனித்திருக்கிறார். “அப்போ உங்களுக்கு ஆர்த்தோதான் சார். டாக்டருங்களே இதைத்தான் வாங்கச் சொல்றாங்க. எவ்வளவு கெட்டியா இருக்கோ அவ்வளவு நல்லது. நீங்களே அமுக்கிப் பாருங்க” என்றார். அமுக்கிப் பார்த்தேன், கல்லைப் போலத்தான் இருந்தது. இடுப்பையும் தோளையும் வைத்துச் சோதிக்க வேண்டிய ஒன்றை உள்ளங்கையால் சோதித்து முடிவெடுத்தது என்னுடைய முதல் பிழை. பிறகு, செருப்புக் காலை மெத்தைக்கு வெளியே தொங்கவிட்டபடி, அவர் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டேயிருக்க, ஒரு நிமிடம் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். வீட்டில் நான் மல்லாந்து தூங்குவதே கிடையாது; ஒருக்களித்துத்தான் படுப்பேன். அது அந்த ஒரு நிமிடத்தில் என் நினைவுக்கு வரவில்லை.

‘ஆர்த்தோ’ என்பதன் முழுவடிவமான ‘ஆர்த்தோபீடிக்’ (எலும்பு, மூட்டு மருத்துவம் சார்ந்தது) மெத்தையைப் பொறுத்தவரை ஒரு விற்பனைச் சொல். அந்தச் சொல்லை உறையில் அச்சிட்டுக்கொள்வதற்கு ஒரு மெத்தை தேறியாக வேண்டிய பொதுவான மருத்துவத் தேர்வு எதுவும் இல்லை. உறையில் முதுகெலும்புப் படம் போட்டிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை நான் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கெட்டியான படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை விற்பனையாளர் கண்டுபிடித்ததல்ல. மெத்தைக்கு அடியில் பலகை போட்டுக்கொள்ளச் சொல்லும் அறிவுரை மருத்துவர்களிடமிருந்தே நெடுங்காலம் வந்துகொண்டிருந்தது. ஆனால், 2003ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஸ்பெயினைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ கோவாக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டறியப்படாத நாட்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கெட்டியான மெத்தையும் மற்றொன்றுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து, 90 நாட்கள் கழித்து விசாரித்தார்கள். படுத்திருக்கும்போதும் எழும்போதும் உண்டாகும் வலியும், வலியால் அன்றாட வேலைகள் முடங்குவதும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே அதிகமாகக் குறைந்திருந்தன. அந்த ஆய்வில் கெட்டித்தன்மையைக் குறித்த ஐரோப்பிய அளவுகோலில் 1 என்பது மிகக் கெட்டி, 10 என்பது மிக மென்மை; கெட்டி மெத்தையின் அளவு 2.3, நடுத்தர மெத்தையின் அளவு 5.6. கடைகளிலோ பெரும்பாலும் 10 என்றால் மிகக் கெட்டி என்று தலைகீழாகச் சொல்வார்கள். ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்தப் பக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நடுத்தரம் என்பதும் ஆளின் எடையையும் படுக்கும் விதத்தையும் பொறுத்து மாறக்கூடியது; எனக்கு நடுத்தரமாக இருப்பது என் மனைவிக்குக் கெட்டியாக இருக்கிறது.

முதல் வாரத்திலேயே தொல்லை தொடங்கிவிட்டது. ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும் புதைய இடமில்லாமல் மேட்டில் நிற்க, இடையோ தாங்குவாரின்றி நடுவில் தொங்கியது. விடியற்காலை மூன்று மணிக்குக் கை மரத்துப்போய் விழிப்பதும், மறுபக்கம் திரும்பிப் படுத்துச் சற்று நேரத்தில் அந்தக் கையும் மரத்துப்போவதும் வழக்கமாயிற்று. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தபோது, “புது மெத்தை செட் ஆக முப்பது நாள் ஆகும் சார், பொறுமையா இருங்க” என்றார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. புதிய படுக்கைக்கு உடம்பு பழகச் சில வாரங்கள் தேவைப்படத்தான் செய்யும். அந்த உண்மையைத்தான் அவர்கள் நேரம் கடத்தப் பயன்படுத்திக்கொண்டார்கள். முப்பது நாள் பொறுத்து மீண்டும் அழைத்தபோது இன்னும் இரண்டு வாரம் பார்க்கச் சொன்னார்கள். அதன்பின் மெத்தையைத் திருப்பித் தருவதாக நான் எழுதியதும், ‘மெத்தை வந்த பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தால் மட்டுமே’ என்ற நிபந்தனையை எடுத்து நீட்டினார்கள். நான்கு பக்கமும் சூட்டில் ஒட்டி மூடப்பட்டு வந்த பிளாஸ்டிக்கைக் கிழிக்காமல் மெத்தையை வெளியே எடுப்பது எப்படி என்று கேட்டு எழுதினேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

ஐந்தாம் மாதம் என் பக்கத்தில் இடுப்பு படும் இடம் குழியத் தொடங்கியது. கல்லைப் போன்ற மெத்தை எப்படிக் குழியும் என்ற சந்தேகத்தில் உறையைத் திறந்து பார்க்க முடிவு செய்தேன். ஜிப் இருந்தது, ஆனால் அதைப் பிடித்து இழுக்கும் நாக்கைக் கழற்றியிருந்தார்கள். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து நுழைத்து இழுத்தேன். உள்ளே மேலாக ஒரு வெள்ளை ஏடு. கடையில் ‘மெமரி ஃபோம்’ (உடம்பின் வடிவத்துக்கேற்ப மெல்ல அமுங்கும் ஃபோம்) என்று சொன்னது அதுதான். விளம்பரப் படத்தில் மெத்தையின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வரையப்பட்டிருந்த அந்த அடுக்கு, அளவுகோல் வைத்துப் பார்த்தபோது 12 மில்லிமீட்டர் இருந்தது. அதற்குக் கீழே அடிவரை இளஞ்சிவப்பு, பச்சை, சாம்பல், மஞ்சள் என்று பல நிறத் துணுக்குகளை ஒட்டி அமுக்கிய ஒரே பாளம். ஒரு துணுக்கில் ஏதோ துணியின் நீல நூல்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் நிமிண்டினால் ஓரத்தில் உதிர்ந்தது.

தொழிலில் இதற்கு ரீபாண்டட் ஃபோம் என்று பெயர். ஃபோம் வெட்டும்போது மிஞ்சும் கழிவுகளைத் துருவி, பசை கலந்து, அச்சில் போட்டு அழுத்தி எடுப்பது. அது கெட்டியாக இருக்கும், விலை குறைவு, அடித்தளமாகப் போடலாம். மல்லாந்து படுக்கும் சிலருக்கு ஒத்தும் வரலாம். அதை உள்ளே வைத்தது குற்றமென்று நான் சொல்லவில்லை, சொல்லாமல் வைத்ததைத்தான் சொல்கிறேன். கடையில் நான் “உள்ளே என்ன இருக்கிறது?” என்று கேட்காமலில்லை. “நூறு டென்சிட்டி ஃபோம் சார், மத்த கம்பெனியில நாப்பதுக்கு மேல போகாது” என்பதுதான் கிடைத்த பதில்.

இந்த டென்சிட்டிக் கணக்கில்தான் நான் முழுதாக வீழ்ந்தேன். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்பதைச் சொல்வது. அது கெட்டித்தன்மையும் அல்ல, வெவ்வேறு வகை ஃபோம்களை ஒப்பிடத் தக்க தர அளவும் அல்ல. ஒரே வகைக்குள் ஒப்பிட்டால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு: சாதாரண பாலியூரித்தேன் ஃபோமில் 40 என்பது 28ஐவிடப் பொதுவாக நீண்ட நாள் உழைக்கும், மெமரி ஃபோமில் 50க்கு மேல் இருப்பது நல்லது. கழிவுத் துணுக்குகளை அழுத்தி ஒட்டியதற்கு 100 வருவது தரத்தால் அல்ல, அழுத்தியதால். கெட்டித்தன்மைக்கு வேறு அளவு இருக்கிறது. ஒரு வட்டத் தகட்டை வைத்து, ஃபோமை அதன் கனத்தில் 25 அல்லது 40 சதவீதம் அமுங்கச் செய்ய எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். நான் போன கடைகளில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனவே ‘எத்தனை டென்சிட்டி’ என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. எந்த அடுக்கு, எந்தப் பொருள், எத்தனை சென்டிமீட்டர், அந்த அடுக்கின் டென்சிட்டி என்ன என்று அடுக்கடுக்காகக் கேட்டு, விடைகளைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காமல் வந்துவிடலாம்.

‘பத்தாண்டு வாரண்டி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததால் முறையிட்டேன். ஓர் ஆய்வாளர் வந்தார். அவர் வருவதற்கு முந்தைய நாள் முழுவதும் மெத்தையில் யாரும் படுக்கக் கூடாது என்று தகவல் அனுப்பியிருந்தார்கள். ஃபோம் ஓய்வெடுத்தால் ஓரளவு மீண்டு வரும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வந்தவர் மரியாதையானவர்தான். விரிப்பை எடுத்துவிட்டு, ஓர் அலுமினியச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, குழியில் அளவுகோலைச் செருகி, “பத்தொன்பது மில்லிமீட்டர்” என்று எழுதிக்கொண்டார். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்த குழிவு வாரண்டியில் சேராதாம். ஆளில்லாத மெத்தையில் 19 இருந்தால் ஆள் படுக்கும்போது எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். “ரூல்படி வெறும் மெத்தையிலதான் சார் அளக்கணும்” என்றார். பிறகு குனிந்து கட்டிலின் அடிச்சட்டங்களை அளந்தார். சட்டங்களுக்கிடையே 11 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தது. எட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன்; இடைவெளி அதிகமானால் ஃபோம் சந்துகளில் இறங்கத்தான் செய்யும். ஆனால் குழி விழுந்தது சந்துகளின் வரிசையில் அல்ல, என் இடுப்பின் வடிவத்தில். விற்கும்போது என் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவர்களும் இல்லை.

கடைசியாக ஜிப்பைப் பார்த்தார். உறையைத் திறந்தால் வாரண்டி செல்லாது என்பது பதினான்காம் நிபந்தனையாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த குற்றத்துக்காக, உள்ளே இருப்பதற்குப் பொறுப்பேற்க மறுத்தார்கள். இது போதாதென்று, நிபந்தனைகளை முழுதாகப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது: முதலாண்டுக்குப் பிறகு ஆண்டுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போவார்கள். பத்தாண்டு வாரண்டி என்பது, பிற்பகுதியில் இன்னொரு மெத்தை வாங்கக் கிடைக்கும் தள்ளுபடிதான்.

இதற்கிடையே என் பிசியோதெரபிஸ்ட் ஒரு எளிய சோதனையைச் சொல்லித் தந்தார். வழக்கமாகப் படுக்கும் நிலையில், வழக்கமான தலையணையோடு ஒருக்களித்துப் படுத்து, முதுகுப்புறமிருந்து ஒரு புகைப்படம் எடுக்கச் சொன்னார். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை முதுகுத்தண்டு ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டும். இடுப்பு தாழ்ந்து வளைந்தால் மெத்தை மிக மென்மை, தோளும் இடுப்பும் உயர்ந்து இடை தொங்கினால் மிகக் கெட்டி. முதல் மாதம் எடுத்த படத்தில் என் இடைக்கும் மெத்தைக்கும் நடுவே கையைத் தடையில்லாமல் விடலாம் போலிருந்தது. அவரே இன்னொன்றையும் கேட்டார்: வெளியூரில் வேறு படுக்கையில் சில இரவுகள் படுத்தபோது வலி குறைந்ததா? குறைந்தது. அதன் பிறகுதான் மெத்தையைச் சந்தேகிக்க எனக்கு நியாயம் கிடைத்தது. எல்லா இரவு வலிக்கும் மெத்தை காரணமல்ல. காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, நடமாடினால் குறைகிறதென்றால் அது அழற்சி சார்ந்த நோயாக இருக்கலாம். காய்ச்சலோ எடை இழப்போ சேர்ந்து வந்தாலும், தொடையிடுக்கில் மரத்துப்போனாலும், சிறுநீர் அடக்க முடியாமற்போனாலும் உடனே மருத்துவரிடம்தான் போக வேண்டும், மெத்தைக் கடைக்கு அல்ல.

இப்போது வேறு மெத்தை வாங்கிவிட்டேன். இம்முறை கடையில் இருபது நிமிடம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். மனைவியையும் பக்கத்தில் படுக்கச் சொன்னேன். பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். அடுக்குகளின் விவரம் பில்லில் இருக்கிறது, ஜிப்பில் நாக்கு இருக்கிறது, கட்டிலில் கூடுதலாக நான்கு சட்டங்கள் அடித்தாயிற்று. வலி போய்விடவில்லை. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போகும் நாட்கள் மட்டும் குறைந்திருக்கின்றன. பழைய நிறுவனம், கூடுதல் பணம் கட்டினால் ‘பிரீமியம் ஆர்த்தோ’ மெத்தையாக மாற்றித் தருவதாகச் சொன்னது, மறுத்துவிட்டேன். ஆய்வாளர் எழுதிய அறிக்கையின் நகலை மூன்று முறை கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. வந்ததும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகாரோடு இணைத்துக் கொடுப்பதற்காக, பேப்பர் கிளிப் செருகியபடியே அந்த மெத்தையைச் சுவரோரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.