நனவு: ஒலிபரப்பா, பின்னலா?

ஒரு தகவல் மூளை முழுக்க ஒலிபரப்பானால் அதுவே நனவு என்கிறது பெர்னார்ட் பார்ஸ் 1988-ல் முன்வைத்த பணித்தளக் கொள்கை. கணினி அப்படிச் செய்தால்? அதற்கும் நனவு வரலாம்.

2004-ல் ஜூலியோ டொனோனி வகுத்த ஒருங்கிணைந்த தகவல் கொள்கைக்கோ பின்னல்தான், அதாவது பகுதிகள் ஒன்றையொன்று பாதிக்கும்படி இணைந்திருப்பதுதான், முக்கியம். நம் நரம்பணுக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில் இருக்கிறது. அது பழுதானால் நடை தள்ளாடும், நனவு போகாது. அங்கே இணைப்புகள் தனித்தனித் தடங்கள் என்ற இதன் விளக்கம் எனக்குப் பிடிக்கிறது. ஆனால் வெறும் மின்சுற்றுக்கும் துளி நனவு உண்டு என்கிறபோது, அப்புறம் எதை நம்புவது?

2025-ல் நேச்சர் இதழில் வந்த நேரடிச் சோதனையில் இரண்டுமே சறுக்கின. பின்னல் கொள்கை எதிர்பார்த்த, மூளையின் பின்பக்க நரம்பணுக்களின் நீடித்த ஒத்திசைவு கிடைக்கவில்லை. பார்த்த படம் மறையும் கணத்தில் மூளையின் நெற்றிப்பக்கம், பணித்தளக் கொள்கை எதிர்பார்த்தபடி விழித்தெழவும் இல்லை.