ஃபிஃப்த் வீல் ஆர்.வி.: அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

ஃபிஃப்த் வீல் என்பது பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, ஆர்.வி.யில் ஒரு வகை. அமெரிக்காவில் விற்கும் ஃபிஃப்த் வீல் வண்டிகளில் பெரும்பாலானவை இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட், கோஷன், மிடில்பரி வட்டாரத்தில்தான் உருவாகின்றன. பெயர்கள் எத்தனையோ இருந்தாலும் முதலாளிகள் சிலர்தான். கீஸ்டோன், ஹார்ட்லாண்ட், ஜேகோ மூன்றும் தோர் குழுமத்துக்குச் சொந்தம். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வேயிடமும் கிராண்ட் டிசைன் 2016 முதல் வின்னபேகோவிடமும் இருக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குச் சேஸிஸ் (அடிச்சட்டம்), ஸ்லைடு (வண்டி நின்றதும் சுவரோடு வெளியே நீளும் அறைப்பகுதி), லெவலிங் ஜாக் (வண்டியை மட்டமாக நிறுத்தும் கால்) எல்லாம் லிப்பர்ட் என்ற ஒரே கம்பெனியிலிருந்து வருகின்றன. அதனால் “எந்த பிராண்ட் நல்லது?” என்று கேட்பதில் பெரிய பலன் இல்லை. ஒரே மாடலில் ஒரே மாதம் இறங்கிய இரண்டு வண்டிகளில் ஒன்று ஐந்து வருஷம் பேச்சுமூச்சில்லாமல் ஓடும், மற்றது முதல் வருஷத்திலேயே பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும். பல ஆலைகளில் கூலி மணிக்கணக்கில் இல்லை, முடித்த வண்டிக் கணக்கில். அன்றைய எண்ணிக்கையை முடித்தவர் மதியத்துக்குள் வீட்டுக்குக் கிளம்பலாம் என்றால், கடைசி ஸ்க்ரூ சட்டத்தில் ஏறியதா, ப்ளைவுட்டில் தொங்குகிறதா என்று யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

கதவருகே ஒட்டியிருக்கும் ஆர்.வி.ஐ.ஏ. (ஆர்.வி. தொழில் சங்கம்) முத்திரையைக் காட்டிச் சில விற்பனையாளர்கள் தரத்துக்குச் சான்று என்பார்கள். அது மின்சாரம், கேஸ், தண்ணீர்க் குழாய், தீப் பாதுகாப்பு விதிகளுக்கான முத்திரை. கூரை ஒழுகாது என்றோ வெல்டிங் நன்றாக இருக்கிறது என்றோ அது சொல்வதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை இரண்டாகப் பிரிப்பது நல்லது. சோஃபா, குழாய், டி.வி., மைக்ரோவேவ், கபோர்டு கீல் எல்லாம் நூறோ ஆயிரமோ டாலரில் மாறிவிடும். சேஸிஸ், சுவர், கூரை, ஸ்லைடுத் தளம் கெட்டால் வண்டியின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். ஷோரூம் வெளிச்சம் முதல் வகையின் மேல்தான் விழுகிறது. டார்ச்சையும் பாயையும் நீங்களே கொண்டு போங்கள்.

முதலில் முன்பக்கம். பிக்கப் டிரக் மேல் ஏறி உட்காரும் மேல்தளமும் டிரக்கில் பூட்டும் இரும்பு முளையான கிங்பின்னைத் தாங்கும் கிங்பின் பாக்ஸும் சேருமிடத்தில்தான் முழு வண்டியின் இழுவையும் குலுக்கலும் விழுகின்றன. சட்டம் அங்கே மெலிதாக இருந்தாலோ வெல்டிங் அரைகுறையாக இருந்தாலோ, ஒவ்வொரு பள்ளத்திலும் மேல்தளம் சற்றே மேலும் கீழும் அசையும். ஃபிரேம் ஃப்ளெக்ஸ் என்பது இதுதான். அது முதலில் சட்டத்தில் தெரியாது. மேல்தளம் கீழிறங்கும் மூலையில் வெளிச்சுவர் ஃபைபர்கிளாஸில் முடி போன்ற கீறல் விழும், முன் மூடிக்கும் பக்கச் சுவருக்கும் இடையிலுள்ள சீலண்ட் கிழியும், படுக்கையறை அலமாரி சுவரைவிட்டு நகரும். சோதிக்க ஒரு வழி உண்டு. வண்டியை டிரக்கில் மாட்டியபடி ஒருவர் முன் ஜாக்கை மெல்ல இறக்கட்டும், இன்னொருவர் அந்த மூலையில் கண்ணை வைத்து நிற்கட்டும். பாரம் கிங்பின் பாக்ஸிலிருந்து ஜாக்குக்கு மாறும் நேரத்தில் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விரிந்து சுருங்கினால் அந்த வண்டி வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதை வீடியோ எடுத்து அன்றைக்கே கம்பெனிக்கு எழுதுங்கள். ஸ்ட்ரக்சுரல் வாரண்டி பல கம்பெனிகளில் மூன்று வருஷம், ஆனால் எதெல்லாம் ‘ஸ்ட்ரக்சர்’ என்பதை அந்தத் தாளே வரையறுக்கும்.

அடுத்தது அடிப்பக்கம். பாயை விரித்து உள்ளே போய் லீஃப் ஸ்பிரிங்குகளைப் பாருங்கள். இரண்டு ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்குகளை ஈக்வலைசரோடு (இரண்டு ஆக்சிலுக்கும் பாரத்தைப் பகிரும் பாகம்) இணைப்பவை ஷாக்கிள் என்ற சின்னப் பட்டைகள். விலை குறைந்த வண்டிகளில் போல்ட்டைச் சுற்றி நைலான் புஷ்ஷிங் போட்டிருப்பார்கள், கிரீஸ் ஏற்ற வழி இருக்காது. சில ஆயிரம் மைலில் நைலான் கரைந்து போல்ட் நேராக இரும்பில் உரசும். வட்டமாக இருந்த ஓட்டை மெல்ல முட்டை வடிவத்துக்கு வரும், பக்கத்தில் பளபளவென்று புது இரும்பு தெரியும், கீழே கறுப்புத் தூள் ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஆக்சில் நேராக நிற்காது, டயர் ஒரு ஓரமாகத் தேயும். கிரீஸ் நிப்பிள் உள்ள போல்ட்டும் வெண்கலப் புஷ்ஷிங்கும் தடித்த ஷாக்கிளும் கொண்ட கிட் சில நூறு டாலருக்குள் கிடைக்கும். புது வண்டி வாங்கிய முதல் செலவே இதுவாக இருக்கட்டும். ஆனால் மாற்றுமுன் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் ஆக்சிலில் எது போனாலும் இதன் மேல் பழி போடாமல் இருக்க.

டயர் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போட வேண்டும். மொத்த அனுமதி எடை 14,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 முதல் 23 சதவீதம், அதாவது ஏறக்குறைய 2,900 பவுண்டு, கிங்பின் வழியாக டிரக்கில் இறங்கும். மீதி 11,100 நான்கு டயர்களின் மேல். எஸ்.டி. 235/80 ஆர்16 அளவில், லோடு ரேஞ்ச் (பாரம் தாங்கும் தரம்) ஈ உள்ள டிரெய்லர் டயர் ஒன்று 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,420 பவுண்டு தாங்கும். நான்குக்கும் சேர்த்து 13,680. தாளில் இடைவெளி தாராளம். ஆனால் கிச்சன், ஃப்ரிட்ஜ், அலமாரி எல்லாம் ஒரே பக்க ஸ்லைடில் இருந்தால் அந்தப் பக்க டயர்கள் எல்லையைத் தொட்டுக்கொண்டு ஓடும். முழுச் சாமானோடு எடை மேடைக்குப் போய், முடிந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டுப் பாருங்கள். பக்க பாரம் கூடியிருந்தால் 110 பி.எஸ்.ஐ. லோடு ரேஞ்ச் ஜி டயருக்கு மாறலாம், ரிம்மும் அந்தக் காற்றழுத்தத்துக்கு ஏற்றதா என்று பார்த்துவிட்டு. டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருஷமும். டீலர் வாசலில் ஒரு வருஷம் நின்ற ‘புது’ வண்டியில் டயரின் ஆயுள் ஒரு வருஷம் ஏற்கெனவே கழிந்திருக்கும்.

டிரக்குக்கும் இதே கணக்குதான். கிங்பின்னைப் பூட்டும் ஹிட்ச் மட்டும் 150 முதல் 200 பவுண்டு இருக்கும். அதோடு 2,900 பவுண்டு கிங்பின் எடை, ஆட்கள், பெட்டிகள் எல்லாம் சேர்ந்தால் ‘முக்கால் டன்’ என்ற வகை டீசல் டிரக்குகளில் பலவற்றின் பேலோடு (டிரக் சுமக்கக்கூடிய எடை) தாண்டிவிடும். டிரக்கின் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை, விளம்பரத்தில் வரும் இழுவைத் திறன் அல்ல. எடை மீறி ஓடியது தெரிந்தால் சேஸிஸ், ஆக்சில் கிளெய்ம் இரண்டும் மறுக்கப்படலாம்.

நீர்தான் ஆர்.வி.யின் பெரிய எதிரி. சுவர் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ், மெல்லிய லாவான் ப்ளைவுட், ஃபோம் மூன்றையும் ஒட்டிய தட்டுதான். ஜன்னல் ஓரம், மார்க்கர் விளக்கு, மூலை மோல்டிங்கின் ஸ்க்ரூ ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் ப்ளைவுட் ஊறி ஒட்டு விடும், வெளியே கொப்புளம்போல் எழும்பும். இப்படி டீலாமினேஷன் ஆன சுவரைச் சரிசெய்வதென்றால் பெரும்பாலும் முழுத் தட்டையும் மாற்ற வேண்டும். ப்ளைவுட்டுக்குப் பதிலாக அஸ்டெல் என்ற கூட்டுப்பொருள் போட்ட சுவர் இருந்தால் அதற்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதில் தவறில்லை, அது ஊறி அழுகாது. ஆனால் கூரையும் தளமும் அப்போதும் மரம்தான்.

கூரை சீலண்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லித்தான் பல கையேடுகள் எழுதியிருக்கின்றன. ஒழுகல் கிளெய்ம் போட்டவுடன் வரும் முதல் கேள்வி, “பராமரிப்புப் பதிவு எங்கே?” மேலே ஏறி ஏசி, வென்ட், ஆன்டெனா, ஓரப்பட்டை ஒவ்வொன்றையும் தேதியோடு ஃபோனில் படம் எடுத்து வைத்தால் அந்த வாதம் அங்கேயே முடியும். விரிசல் தெரிந்தால் பழையதைத் துடைத்துவிட்டு, படுக்கைவாட்டான இடத்தில் தானே பரவும் லேப் சீலண்ட், செங்குத்தான இடத்தில் வழியாத வகை. சாதாரண சிலிகான் மட்டும் வேண்டாம். ஒருமுறை பூசினால் அதன் மேல் எதுவும் ஒட்டாது, பிற்பாடு சுரண்டி எடுப்பவர் உங்களைத் திட்டுவார்.

வண்டியின் வயிற்றில் கறுப்புப் பிளாஸ்டிக் அட்டை அடித்திருப்பார்கள். அது எங்காவது தொந்திபோல் தொங்கினால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது, குழாய் இணைப்பு ஏதோ கசிகிறது. ஷவருக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பை முதலில் சந்தேகியுங்கள்.

ஸ்லைடுகளில் சுவருக்குள்ளேயே இரு பக்கமும் தனித்தனி மோட்டார் வைத்த ஷ்விண்டெக் வகைக்குக் கெட்ட பெயர் உண்டு. பாதி நியாயம், பாதி பயன்படுத்தத் தெரியாததால் வந்தது. ஸ்லைடு முழுதும் வெளியே வந்த பிறகும், மோட்டார்கள் தாமாக நிற்கும்வரை பட்டனை விடக் கூடாது. பாதியில் விடுவதைப் பழக்கமாக்கினால் இரண்டு மோட்டாரும் ஒத்துப்போகாமல் ஸ்லைடு கோணலாகி மாட்டிக்கொள்ளும். அப்படி ஆனால் ஓரிரு அங்குலம் உள்ளே இழுத்து, மறுபடி முழுதும் வெளியே தள்ளி, இரு பக்கமும் ஒன்றாக நிற்கும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். கனமான கிச்சன் ஸ்லைடுக்கு அடியில் ரேக்-பினியன் (பற்சட்டமும் பற்சக்கரமும்) உள்ள வண்டியே நீடிக்கும் என்பது என் கட்சி. எந்த வகையானாலும் ஸ்லைடுத் தளத்தின் பின்மூலையை அடியிலிருந்து விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் மரம் அழுகத் தொடங்கிவிட்டது.

நம் சமையலுக்கு ஒரு குறிப்பு. 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800 வாட்டை எடுத்துக்கொண்டால் ஏசியும் ரைஸ் குக்கரும் சேர்ந்து பிரேக்கரைத் தட்டிவிடும். 50 ஆம்ப் வண்டி 12,000 வாட் தரும். தாளிக்குமுன் அடுப்பு மேல் ஃபேனின் வெளிக்கதவுக் கிளிப்பைத் திறக்க மறந்தால் ஆவியும் எண்ணெய்ப் புகையும் உள்ளேயே படிந்து கூரைத் தட்டை ஈரமாக்கும்.

இனி வாரண்டி. அது ஒரே தாள் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டிக் கம்பெனி தருவது பெரும்பாலும் ஒரு வருஷம், ஜேகோ போன்ற சிலரிடம் இரண்டு. டயர், ஆக்சில், ஃப்ரிட்ஜ், ஏசி, வாட்டர் ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் அதனதன் தயாரிப்பாளர் தனித்தனியாகத் தருகிறார், அவற்றைப் பதிவு செய்வது உங்கள் வேலை. கையெழுத்துக்கு முன் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். நிரந்தரமாகக் குடியிருந்தால் வாரண்டி ரத்தாகுமா? விற்றால் அடுத்தவருக்குப் போகுமா? வழக்கு எந்த மாநில நீதிமன்றத்தில்? பல தாள்களில் கடைசிக் கேள்விக்குப் பதில் இண்டியானா. திரும்பத் திரும்பக் கெடும் புது வண்டியை வாங்கியவருக்கு உதவும் லெமன் சட்டத்தை நம்பி உட்கார முடியாது. பல மாநிலங்களில் அது இழுத்துச் செல்லும் வண்டிகளை உள்ளடக்குவதில்லை. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் என்ற மத்திய வாரண்டிச் சட்டம்தான் மிஞ்சும் ஆயுதம்.

ரிப்பேர் செய்வது டீலர், பணம் கொடுப்பது கம்பெனி. அந்தக் கூலி டீலர் வெளியாரிடம் வாங்குவதைவிடக் குறைவாகவே இருக்கும், ஒவ்வொரு வேலைக்கும் படம் அனுப்பி அனுமதி வாங்க வேண்டும், பாகம் வரவும் வாரங்கள் ஆகும். அதனால் தன்னிடம் வாங்காதவரின் வண்டியை வாரண்டி வேலைக்கு எடுக்கப் பல டீலர்கள் தயங்குவார்கள். 800 மைல் தள்ளி நாலாயிரம் டாலர் மலிவாகக் கிடைத்த வண்டிக்கு உள்ளூரில் வரிசை எப்போதும் கடைசிதான். வாங்குமுன் விற்பனைப் பிரிவை விட்டுவிட்டு சர்வீஸ் கவுண்டருக்குப் போய், இன்று ஸ்லைடு ரிப்பேருக்கு வண்டியை விட்டால் எப்போது கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். வாசலில் தூசி படிந்து நிற்கும் வண்டிகளையும் எண்ணிப் பாருங்கள்.

பிரேக், கேஸ், ஒழுகல் மூன்றுக்கும் உடனே போக வேண்டும். மற்ற சில்லறைகளைச் சேர்த்து ஒரே பட்டியலாக எண் போட்டு, படத்தோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி, செய்த வேலை மூன்றும் எழுதிய ரிப்பேர் ஆர்டர் நகல் வாங்காமல் நகர வேண்டாம், “ஒன்றும் பிரச்சினை தெரியவில்லை” என்று எழுதிக் கொடுத்தாலும் சரி. பின்னால் வழக்கறிஞர் கேட்கும் முதல் காகிதம் அதுதான். டீலரிடம் வரிசை நீண்டால், மொபைல் டெக்னீஷியனை வரவழைக்கக் கம்பெனியிடம் முன்அனுமதி கேட்கலாம். அனுமதி எண் இல்லாமல் செய்த வேலைக்குக் காசு திரும்பாது. பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் வேறு விஷயம். அது வாரண்டி முடிந்தாலும் இலவசம், என்.ஹெச்.டி.எஸ்.ஏ. (மத்திய சாலைப் பாதுகாப்பு அமைப்பு) தளத்தில் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைப் போட்டு வருஷம் இரண்டு முறை பாருங்கள்.

பழைய வண்டி தேடுபவர்கள் தயாரிப்பு வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் ஆலையிலிருந்து வெளியேறிய ஆர்.வி.க்கள் 6 லட்சத்தைத் தாண்டின, 2023-இல் அது சுமார் 3.13 லட்சம். தட்டுப்பாடும் அவசரமும் இருந்த 2021 வாக்கிலான வண்டிகள் இப்போது மலிவாக வருகின்றன. என்.ஆர்.வி.ஐ.ஏ. (ஆர்.வி. இன்ஸ்பெக்டர்கள் சங்கம்) சான்று பெற்ற தனி இன்ஸ்பெக்டர் கூரையில் ஏறாமல் அவற்றுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புது வண்டிக்கும் அதே ஆளை, வாங்கிய பத்தாவது மாதத்தில் கூப்பிடுங்கள். ஈரமானியை சுவர் மூலைகளிலும் ஸ்லைடு ஓரத்திலும் வைக்கட்டும், 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடங்களைக் குறிக்கட்டும், பிரேக் டிரம் ஒன்றைக் கழற்றி ஷூவில் கிரீஸ் படிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். சக்கரத்தைத் திரும்ப மாட்டியபின் 10, 25, 50 மைலில் சக்கரத்தின் லக் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை) இறுக்குங்கள். இன்ஸ்பெக்டர் அறிக்கையை வாரண்டி முடியும் தேதிக்கு முன் டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, இந்தக் குறைகள் வாரண்டிக் காலத்துக்குள் தெரிவிக்கப்பட்டவை என்று பதில் எழுதி வாங்குங்கள். அப்பாயிண்ட்மெண்ட் அதற்கடுத்த மாதம் கிடைத்தாலும் பரவாயில்லை.