கப்பல் அறைக்குக் கெட்டிப் பெட்டியா, துணிப் பெட்டியா?

குடும்பத்தோடு முதன்முறையாக உல்லாசக் கப்பலில் செல்பவர்கள், பயணப் பெட்டியைப் பெரும்பாலும் விமானத்தை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். விமானத்தில் பெட்டி சில மணி நேரம் கண்ணில் படாமல் கிடக்கும். கப்பலிலோ, அது பயணம் முடியும் வரை நம்மோடு ஒரே அறையில் குடியிருக்கும். எங்கள் பயணத்துக்கு முன் பாலிகார்பனேட் ஓடு கொண்ட கெட்டிப் பெட்டியா, துணியால் ஆன மென்பெட்டியா என்று நாங்களும் யோசித்தோம். கடைசியில் சக்கரம் வைத்த துணிப் பெட்டிகளையும், சட்டகமே இல்லாத டஃபிள் பைகளையும் எடுத்துச் சென்றோம். ஆகவே நான் சாய்வில்லாமல் எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

எல்லோரும் அறிந்த வேறுபாடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். கெட்டிப் பெட்டி மழையைத் தாங்கும், உள்ளே இருக்கும் கண்ணாடிப் பொருளைக் காக்கும், அழுக்குப் பட்டால் துடைத்துவிடலாம். துணிப் பெட்டிக்கு வெளிப்புற அறைகள் உண்டு, அடைத்தால் சற்று இளகிக் கொடுக்கும். எடையில் துணி எப்போதும் இலேசு என்பது முழு உண்மையன்று. சக்கரமும் இழுவைக் கைப்பிடியும் உட்சட்டகமும் சேர்ந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. டஃபிள் பை மட்டுமே உண்மையில் இலேசானது.

இவற்றில் எதுவும் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்பது என் கருத்து. துணிகளை அலமாரிக்கு மாற்றிய பிறகு வெறும் பெட்டி எங்கே கிடக்கும் என்ற ஒரே கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

பெரிய கப்பல்களில் சாதாரண வகை அறைகள் ஏறத்தாழ 14 முதல் 18 சதுர மீட்டர் வரை இருக்கும். குளியலறையும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள்ளேயே வந்துவிடும். ஒரு இரட்டைக் கட்டில், ஒரு சோபா, ஒரு மேசை, ஒரு துணி அலமாரி என்று வைத்த பிறகு மீதமிருப்பது ஒருவர் நடக்கும் அகலம்தான். நால்வர் தங்கும் அறை என்றால் இரவில் சோபா படுக்கையாக விரியும். சுவரிலோ கூரையிலோ மடங்கியிருக்கும் மேற்படுக்கைகள் இறங்கும். அவற்றுக்கான ஏணியும் தரையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அறைப் பணியாளர் மாலையில் வந்து இவற்றை விரித்துவிட்டுப் போவார் என்பதால், அந்த நேரத்தில் தரையில் பெட்டி கிடந்தால் அவருக்கும் இடைஞ்சல், இரவில் குளியலறைக்கு எழுந்து போகும் குழந்தைக்கும் இடைஞ்சல். பகலில் இடம் போதும்போலத் தோன்றும் அறை, இரவில் அப்படித் தோன்றாது. அலமாரியின் ஒரு தட்டில் உயிர்காப்பு அங்கிகளும் இருக்கக்கூடும். சில புதிய கப்பல்களில் அவற்றை அவசரக்கூடல் இடங்களிலேயே வைத்துவிடுகிறார்கள் என்றாலும், எல்லாக் கப்பலிலும் அப்படி இல்லை.

ஆகவே வெறும் பெட்டிக்கு மீதமிருப்பது கட்டிலின் அடிப்பகுதி மட்டுமே. கப்பல் கட்டில்கள் இதை எண்ணியே சற்று உயர்த்தி அமைக்கப்படுகின்றன. ஆனால் அந்த உயரம் எல்லாக் கப்பல்களிலும் ஒன்றல்ல, கட்டிலின் நடுவே தாங்குகாலோ குறுக்குச் சட்டமோ இருந்தால் முழு அகலமும் கிடைக்காது. 28 அங்குலக் கெட்டிப் பெட்டியைப் படுக்க வைத்தால் அதன் தடிமன் சுமார் 30 சென்டிமீட்டர் வரும். விரிவாக்க ஜிப் இருந்து, அது திறந்திருந்தால் இன்னும் கூடும். சிக்கல் என்னவென்றால், கெட்டிப் பெட்டி நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் அதே தடிமன்தான். கட்டிலின் அடிச்சட்டம் ஒரு விரல் தாழ்ந்திருந்தால்கூட அது உள்ளே போகாது. துணிப் பெட்டியின் மேற்பகுதியை அழுத்தினால் அந்த ஒரு விரல் அளவுக்கு அது இணங்கிவிடும். சட்டகமில்லாத டஃபிள் பையை மடித்தால் ஒரு தலையணையின் தடிமனுக்குக் குறைவாகவே நிற்கும். அதைக் கட்டிலடியில் எந்த மூலையிலும் செருகலாம், இன்னொரு பைக்குள்ளேயும் போட்டுவிடலாம்.

கெட்டிப் பெட்டிக்காரர்கள் இங்கே ஒரு நியாயமான வாதத்தை வைப்பார்கள்: சிறியதைப் பெரியதற்குள் வைத்து அடுக்கலாமே என்று. அளவுகள் வெவ்வேறாக இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான குடும்பங்களிடம் ஒரே அளவில் இரண்டு பெரிய பெட்டிகள் இருக்கும். அவை ஒன்றுக்குள் ஒன்று போகாது. அவ்வளவும் அடுக்கிய பிறகும், கடைசியில் நிற்கும் பெரிய பெட்டியின் தடிமன் கட்டிலடிக்குப் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் அது அலமாரிக்குள் நின்று ஹேங்கர் தொங்கும் இடத்தை விழுங்கும், அல்லது சோபா பக்கத்தில் நின்று தினமும் கால் விரலை இடிக்கும். பணியாளரிடம் கேட்டால் வேறிடத்தில் வைத்துத் தருவது உண்டுதான். ஆனால் அதை நம்பிப் பெட்டி வாங்க முடியாது.

திறக்கும் விதமும் இதோடு சேர்ந்த விஷயமே. கெட்டிப் பெட்டிகளில் பெரும்பாலானவை நடுவில் பிளந்து புத்தகம்போல் விரியும். ஆகவே மூடிய நிலையில் பிடிக்கும் இடத்தைப்போல இரண்டு மடங்கு தரை வேண்டும். துணிப் பெட்டிக்கு மூடி மட்டும் மேலே எழும். முதல் நாள் பிற்பகலில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். துறைமுக முனையத்தில் அறை எண் அட்டை மாட்டி ஒப்படைத்த பெட்டிகள் ஒன்றாக வருவதில்லை. சில மதியத்தில் வரும், சில இரவு உணவு நேரத்தில்கூட அறை வாசலுக்கு வந்து சேரும். மருந்து, கடவுச்சீட்டு, நீச்சலுடை, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பெட்டிகள் வந்த பிறகு அவற்றைப் படுக்கை மேல் வைத்துத் திறக்கலாம். அதற்கென்றே ஒரு விரிப்பைப் படுக்கையில் போட்டு வைக்கும் கப்பல்களும் உண்டு. அப்படியிருந்தும் விரிந்த இரண்டு கெட்டிப் பெட்டிகள் கட்டிலை முழுதாக அடைத்துக்கொள்ளும். மேல்மூடி வைத்த கெட்டிப் பெட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. கெட்டிதான் வேண்டும் என்பவர்கள் அந்த வகையைத் தேடுவது நல்லது.

எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, வாங்கும்போது எண்ணிப் பார்க்காத ஒன்று. அலமாரித் தட்டுகள் பெரியவர்களின் துணிக்கே சரியாகப் போய்விட, குழந்தைகளின் துணிகளைத் துணிப் பெட்டியிலேயே விட்டுக் கட்டிலடியில் தள்ளினோம். தேவைப்படும்போது பாதி வெளியே இழுத்து, மூடியைத் தூக்கி, எடுத்துக்கொண்டு, மீண்டும் தள்ளிவிடலாம். பெட்டியே ஓர் இழுப்பறையாக மாறிவிட்டது. நடுவில் பிளக்கும் பெட்டியில் இது நடக்காது. ஒவ்வொரு முறையும் முழுவதும் வெளியே இழுத்து விரித்தாக வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிறத்தில் ஜிப் வைத்த அடுக்குப் பைகள் போட்டிருந்தால் தேடும் வேலையும் மிச்சமாகும்.

தரையை விடுவிக்க இன்னொரு வழி சுவர். கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடுகள் என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாகப் பிடிக்கும். தொப்பி, முதுகுப் பை, ஈரத் துண்டு எல்லாம் அங்கே தொங்கும். அறையின் பிரதான கதவில் மட்டும் எதையும் தொங்கவிட வேண்டாம். அது தீத்தடுப்புக் கதவு, தடையின்றி மூட வேண்டும். இஸ்திரிப் பெட்டியையும் மின்னழுத்தக் காப்புள்ள நீட்டிப்புப் பலகையையும் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை; அவற்றுக்காகப் பெட்டியில் இடம் ஒதுக்குவது வீண்.

கெட்டிப் பெட்டி வெல்லும் இடங்களும் உண்டு. கோட்டு, பட்டு உடை, பரிசுப் பொருள் என்று கசங்கக் கூடாதவையும் உடையக் கூடாதவையும் இருந்தால் துணிப் பெட்டி கவலையைத் தரும். துணிப் பெட்டி இளகிக் கொடுப்பதால் திரும்பும்போது அளவுக்கு மீறி அடைக்கத் தோன்றும். பின்னர் விமானத்தில் ஏற வேண்டியிருந்தால், பல நிறுவனங்கள் விதிக்கும் 23 கிலோ வரம்பு இடிக்கும். இரண்டு அறைகள் எடுப்பவர்களுக்கும் பெரிய தொகுப்பறைகளில் (சூட்) தங்குபவர்களுக்கும் நான் வலியுறுத்தும் கட்டிலடிக் கணக்கே தேவைப்படாமல் போகலாம். நாங்கள் தங்கியது நால்வருக்கான சாதாரண அறை மட்டுமே. எங்கள் பைகளும் புதியவை. அவற்றின் ஜிப்பும் தையலும் பல ஆண்டு உழைப்புக்குத் தாங்கும் என்று இப்போதே உறுதி கொடுப்பது நேர்மையாகாது.

வீட்டில் ஏற்கெனவே நல்ல கெட்டிப் பெட்டி இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கச் சொல்ல மாட்டேன். 24 அங்குலத்துக்கு மேற்படாத ஒன்றை எடுத்து, கசங்கக் கூடாதவற்றை அதில் வைத்து, மற்றவற்றை டஃபிள் பைகளில் பிரித்துக்கொள்ளலாம். காலியான பைகளை அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்துக் கட்டிலடியில் தள்ளலாம். கடைசி இரவு பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்லும்போது, அவற்றில் ஒரு பையை மட்டும் அறையிலேயே நிறுத்தி, மறுநாள் காலைக்கான உடையையும் ஆவணங்களையும் அதில் போட்டுக் கையோடு இறங்கலாம்.