தேரா மசாலாச் சந்தையில் ‘எத்தனை கிராமுக்கு இந்த விலை?’ என்று கேளுங்கள்

துபாய்க்குப் போகிறவர்கள், அதிலும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன டிசம்பரில் துபாயின் தேரா பகுதியிலுள்ள பழைய மசாலாச் சந்தையில் என் அம்மாவை ஏமாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பர்துபாயில் அப்ரா படகு ஏறினோம். தலைக்கு 1 திர்ஹம்தான். ஊருக்கு நடுவே ஓடும் கிரீக் என்ற கடற்கழியைக் கடந்து எதிர்க்கரை ஏறினால் சந்தை. ஒரு கடை வாசலில் நல்ல தமிழில் அழைப்பு: “வாருங்கள் அம்மா, வாங்காவிட்டாலும் பரவாயில்லை, முகர்ந்து பாருங்கள்.” வெளிநாட்டில் தமிழ் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கடைக்காரர் புதினா உப்பில் (மென்தால்) ஒரு துண்டை வெந்நீரில் போட்டு மூக்கருகே நீட்டினார். அம்மாவுக்குக் கண்ணில் நீர் வழிந்தது, சளி விட்டுப்போனதாகச் சிரித்தார்.

குங்குமப்பூ என்ன விலை என்று கேட்டோம். “இருபது.” சிறிய டப்பாவுக்கு என்று நினைத்தோம். மூலிகைத் தேநீருக்கு “அறுபது” என்றார். கிலோவுக்கு என்று நினைத்தோம். நாங்கள் வாய் திறப்பதற்குள் ரோஜா மொட்டு, செம்பருத்தி, ஏலம் எல்லாம் ஒரே பையில் விழுந்து கலந்துவிட்டன.

கணக்கு 560 திர்ஹம். இருபது என்றது ஒரு கிராமுக்காம், 12 கிராம் நிறுத்திருந்தார். அறுபது என்றது 100 கிராமுக்காம், 400 கிராம் கலந்திருந்தார். மீதி 80 நாங்கள் கேட்காத ஓமான் சாம்பிராணிக்கு. வேண்டாம் என்றால், “கலந்ததைத் திருப்பி எடுக்க முடியாது” என்று குரல் மாறியது. அம்மா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கொடுத்துவிட்டேன்.

அதோடு விடவில்லை. கார்டு இயந்திரம் ரூபாயா, திர்ஹமா என்று கேட்டபோது கடைக்காரரே ரூபாயை அழுத்திவிட்டார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 13,500 ரூபாய் ஆக வேண்டியது 14,200 ஆனது. எப்போதும் திர்ஹமையே தேர்ந்தெடுங்கள், இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கி அழுத்துங்கள். பொருள் பெயரும் எடையும் போட்ட பில்லையும் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்தது கார்டு சீட்டு மட்டுமே. அதில் என்ன வாங்கினோம் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை.

ஊருக்கு வந்து பொங்கலன்று அம்மா அந்தக் குங்குமப்பூவை வெதுவெதுப்பான பாலில் போட்டார். நல்ல பூ மெதுவாகத்தான் மஞ்சள் விடும், இழையின் சிவப்பும் மாறாது. இது போட்ட நொடியில் பாலைச் சிவப்பாக்கிவிட்டது. கரண்டியால் எடுத்துப் பார்த்தால் இழைகள் வெளுத்துக் கிடந்தன.