சிபிடி எண்ணெய் வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லும் கடைகள்: 380 டாலர் போச்சு, அக்கா தப்பித்தாள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். 380 டாலர் போனது ஒரு பக்கம். அந்தப் பார்சல் போய்ச் சேர்ந்திருந்தால் அக்கா இப்போது எந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

அக்கா இருப்பது ஹாங்காங்கில். தோள்பட்டை வலி, ராத்திரியில் தூக்கம் கிடையாது. சிபிடி எண்ணெய் (சிபிடி என்பது கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத ஒரு பொருள்) விற்கும் ஒரு ஆன்லைன் கடையைப் பார்த்தேன். "உலகம் முழுவதும் அனுப்புகிறோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே சாட்டில் தெளிவாகக் கேட்டேன்: ஹாங்காங்குக்கு அனுப்பலாமா, சட்டச் சிக்கல் வருமா? உடனே பதில். "தாராளமாக. எங்களுடையது சுத்தமான ஐசொலேட், அதாவது சிபிடியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தது; கஞ்சாவில் போதை தரும் டிஹெச்சி பூஜ்யம். அங்கே வாராவாரம் அனுப்புகிறோம். கஸ்டம்ஸில் நின்றால் முழுப் பணமும் திருப்பித் தருவோம்." கூடவே ஒரு லேப் ரிப்போர்ட்டும் நாடுகளின் பட்டியலும் வந்தன. ஹாங்காங்குக்கு நேரே பச்சை டிக். அதைப் பார்த்துத்தான் கார்டு நம்பரைப் போட்டேன். 380 டாலர்.

அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் அத்தான் போனை வாங்கிக்கொண்டார். "மாப்ள, இங்க ஹெராயின் இருக்கிற அதே சட்டத்துலதான் இதுவும் இருக்கு. முதல்ல நிறுத்து."

அவர் சொன்னது சரிதான். 2023 பிப்ரவரி 1 முதல் ஹாங்காங்கில் சிபிடி அபாயகரமான போதைப்பொருள். வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதம். இறக்குமதி என்றால் ஆயுள் தண்டனை வரை போகும், அபராதம் 50 லட்சம் வரை. அதற்கு முன்பு அங்கே காபிக் கடையிலேயே விற்றார்கள் என்பது உண்மை. கடைக்காரன் அந்தக் காலத்துப் பட்டியலை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறான். "டிஹெச்சி பூஜ்யம்" என்ற பேச்சும் அங்கே எடுபடாது, ஏனென்றால் தடை சிபிடிக்கே.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. ஆர்டரை ரத்து செய்யச் சொன்னால், "கூரியரிடம் கொடுத்தாச்சு" என்றார்கள். டிராக்கிங்கிலோ "லேபிள் தயார், பார்சல் இன்னும் வரவில்லை" என்றிருக்கிறது! மறுபடி கேட்டால் வேறு ஒருவர் வந்து, "உங்கள் கவலை புரிகிறது." மூன்றாவது ஆள், "உள்ளூர்ச் சட்டத்தைப் பார்ப்பது வாடிக்கையாளர் பொறுப்பு, விதிமுறைகளைப் படியுங்கள்." கடைசியாக ஒரு மகானுபாவர் ஆறுதல் சொன்னார்: "பயப்படாதீர்கள், வெளியே மசாஜ் எண்ணெய் என்றுதான் எழுதுவோம்." அதாவது பெறுநர் என்று அக்கா பெயர், அவள் வீட்டு முகவரி, மேலே பொய் டிக்ளரேஷன். படித்ததும் ரத்தம் கொதித்தது.

நானே கூரியர் அலுவலகத்துக்குப் போன் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். கிளம்பிய ஊர்க் கிடங்கிலேயே நிறுத்தி, கடைக்கே திருப்பிவிட்டார்கள். சரி, பொருள் கையில் திரும்பி வந்துவிட்டதே, 380 டாலரைக் கொடு என்றால் என்ன சொன்னான் தெரியுமா? "கஸ்டம்ஸில் நிற்கவில்லையே. நீங்களாக நிறுத்தினால் ரீஃபண்ட் பொருந்தாது." எண்ணெயும் அவனிடம், 380 டாலரும் அவனிடம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்களோ அந்த நாட்டு அரசு தளத்தில் பாருங்கள், கடையின் டிக்கை நம்பாதீர்கள். சிங்கப்பூரிலும் இது தடைதான். ஹேண்ட்பேக்கில் ஒரு குப்பிதானே என்று எடுத்துப் போகவும் வேண்டாம். கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனரை 2022-ல் ரஷ்யாவில் பிடித்தது ஒரு கிராம்கூட இல்லாத கஞ்சா எண்ணெய்க்கு, கொடுத்த தண்டனை 9 ஆண்டு. கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். லேபிளையும் நம்பாதீர்கள்: ஆன்லைனில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்து 2017-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள், அதில் 18 பொருள்களில் டிஹெச்சி இருந்தது.

அப்புறம், கடைக்காரன் சாட்டில் சொல்வதை அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் பேங்கில் டிஸ்ப்யூட் போட்ட பிறகு அவர்கள் பக்கத்தில் என் பழைய சாட்டைக் காணோம், பச்சை டிக் மட்டும் அப்படியே இருக்கிறது.