மினி பிசி: எல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த ஊசியைத் தவிர

இன்னொரு அடாப்டருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். கொஞ்சம் காரம் தூக்கலாகத்தான் இருக்கும்.

ஈரோட்டில் எங்களுடையது ஜவுளி மொத்தக் கடை. பில்லிங் கவுண்டர்களில் ஓடுவது எல்லாம் ரீஃபர்பிஷ்டு மினி பிசி, அதாவது பழசைச் சரிசெய்து விற்கும் சின்னப் பெட்டி கம்ப்யூட்டர்: ஐ5-8500டி பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 2022இல் எடுத்தவை. கணக்கு எழுதும் டாலிக்கும், சரக்கு அனுப்பப் போடும் ஈ-வே பில்லுக்கும் இது தாராளம். பிராசஸர் எட்டாம் தலைமுறை என்பதால், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றபோதும் கவலையில்லை, விண்டோஸ் 11 ஒழுங்காக ஏறிக்கொண்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று, விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத ஏழாம் தலைமுறை எடுத்த பக்கத்துக் கடையில் மறுபடியும் செலவு.

நான் எதிர்பார்க்காத லாபம் கரண்டில்தான். 'டி' என்று முடியும் இந்த பிராசஸருக்கு 35 வாட் கணக்கு. முன்பு டவர்கள் (வழக்கமான பெரிய பெட்டி கம்ப்யூட்டர்கள்) இருந்தபோது, ஈபி மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிடும். இப்போது கரண்ட் வரும்வரை பில் போகிறது, கல்லா மேல் ஃபேனும் சுற்றுகிறது. அந்த ஒரு நாள் வியாபாரம் நிற்காததே பெரிய விஷயம்.

சரி, இப்போது அடாப்டருக்கு வருவோம்.

பார்த்தால் லேப்டாப் சார்ஜர்தான். உருளை முனைக்கு நடுவில் மெல்லிசாக ஒரு ஊசி இருக்கும். 19.5 வோல்ட் வருவது உருளை வழியாக. ஊசிக்கு ஒரே வேலை, 'நான் 65 வாட், நம்ம கம்பெனி அடாப்டர்தான்' என்று மெஷினுக்குச் சொல்வது. கவுண்டருக்குக் கீழே யாராவது காலை நீட்டி வயர் இழுபட்டால் ஊசி சாய்ந்துவிடும். லைட் எரியும், ஆனும் ஆகும். ஆனால் அடாப்டர் எத்தனை வாட் என்று தெரியவில்லை என்று ஒரு கறுப்புத் திரை வந்து நிற்கும்; எஃப்1 தட்டினால்தான் நகரும். நகர்ந்தாலும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு வவுச்சர் சேவ் ஆவதற்குள் பார்ட்டி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். வைரஸ், டேட்டா பெருத்துவிட்டது என்றெல்லாம் சொல்லி சர்வீஸ் பையன் ஃபார்மட் வரைக்கும் போய்விட்டான். டாஸ்க் மேனேஜரில் ஸ்பீடு 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

டூப்ளிகேட் அடாப்டர் போட்டால் வோல்ட் சரியாக இருக்கும், ஆனால் மெஷினுக்கு அடையாளம் சொல்லாது. மறுபடியும் அதே திரை. மெஷினின் அடிப்படை செட்டிங் இருக்கும் பயோஸில் அந்த எச்சரிக்கையை அணைத்தால் எஃப்1 தொல்லை தீரும், வேகம் மட்டும் திரும்பாது. விற்றவரைக் கேட்டால் "அடாப்டருக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க" என்று முடித்துவிட்டார்.

நியாயமாகச் சொன்னால், மெஷின்கள் ஒன்றுகூட இதுவரை படுக்கவில்லை. எங்கள் கடையில் பறக்கும் பஞ்சுக்கு அது சாதனை. இத்தனை நல்ல மெஷினை ஒரு ஊசியின் தயவில் விட்டவன் மேல்தான் எனக்குக் கோபம்.

கோபியில் கடை போடப்போகும் நண்பன் நேற்று, "மாப்ள, உன் கடையில இருக்கற மாதிரியே எடுத்துரட்டுமா?" என்றான். கவுண்டருக்கு வேண்டாம் என்றேன். சாதாரண டவர் போதும். அதற்குள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போனால் எந்தக் கடையிலும் கிடைக்கும், அன்றைக்கே மாட்டிவிடலாம். உள்ளே அக்கவுண்ட்ஸ் டேபிளுக்கு, யார் காலும் படாத இடமாக இருந்தால், மினி எடுக்கலாம். அப்போதும் ஒரிஜினல் அடாப்டர் ஒன்றைக் கூடுதலாக அதே பில்லில் சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

"அப்ப நீ டவருக்கு மாறப்போறியா?" என்றான்.

மாறப்போவதில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி என்ன விலை விற்கிறது என்று அவன் இன்னும் விசாரிக்கவில்லை.