ஒன்பதாவது ஆட்டம்: ஆனந்த் எஃப்3 ஆடியது தப்பா?

2013 உலகச் செஸ் சாம்பியன்ஷிப்பின் ஒன்பதாவது ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "நான்காவது நகர்வில் சிப்பாயை எஃப்3 கட்டத்துக்குத் தள்ளி, ஆனந்த் ஓப்பனிங்கிலேயே வம்பை விலைக்கு வாங்கினார்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஆறுவதில்லை.

நவம்பர் 21, சென்னை ஹயாத் ரீஜென்சி. எதிராளி, நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் 5-3 என முன்னிலை. மீதமிருப்பது நான்கே ஆட்டங்கள். வெள்ளைக் காய் ஆனந்துக்கு, ஜெயித்தாக வேண்டும்.

பழைய வழி, இ4: ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. அதுவரை வெள்ளையில் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் அதைத்தான் ஆடியிருந்தார். அதற்குக் கார்ல்சன் எடுத்த தற்காப்பு ஒன்றில் காரோ-கான், மூன்றில் பெர்லின். மூன்று டிரா, ஒரு தோல்வி. மறுபடியும் பெர்லின் வந்தால் கார்ல்சன் பொறுமையாக இறுதிக்கட்டம் வரை இழுத்துக்கொண்டு போவார். அது அவருடைய சொந்த வீடு.

சரி, ராணி முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளி டி4 ஆடி, கறுப்பின் நிம்ஸோ-இந்தியன் தற்காப்பு வந்தால்? நான்காவது நகர்வில் இ3, ராணி சி2 இரண்டும் நல்லவைதான். ஆனால் அன்றைய தேவைக்கு ரொம்ப நிதானம்.

டி4 ஆடி, அந்த நான்காவது நகர்வில் ஆனந்த் எடுத்தது எஃப்3. குதிரைக்குரிய கட்டத்தைச் சிப்பாய் அடைத்துக்கொள்கிறது, ராஜா பக்கமும் கொஞ்சம் திறந்துபோகிறது. பதிலுக்கு, பின்னால் இ4 தள்ளி நடுவைப் பிடிக்கலாம். எட்டாவது நகர்விலேயே கார்ல்சன் சிப்பாயை சி4-க்குத் தள்ளி நிலையைப் பூட்டினார். அப்புறம் ஓட்டப் பந்தயம்தான். வெள்ளைச் சிப்பாய் எஃப்6 வரை போய், ராணி எச்6-ல் உட்கார்ந்தது. அடுத்து யானை எச்4 வந்தால் செக்மேட்டைத் தடுப்பது பெரும்பாடு. அந்தப் பக்கம் கறுப்பின் பி சிப்பாய் 27-வது நகர்வில் ராணியாகி செக் வைத்தது. பெர்லினில் இப்படியொரு நிலை கிடைத்திருக்குமா?

செக்கை மறிக்க எஃப்1-க்கு எதைக் கொண்டுவருவது? பிஷப் வந்தால், ஜி3 குதிரை நின்ற இடத்திலேயே நின்று, இ1-லிருந்து எச்4-க்குப் போகும் கோணல் பாதையை அடைத்திருக்கும். யானை எச்4 வந்ததும், கறுப்பு புது ராணியை டி1 வழியாக எச்5-ல் பலி கொடுத்துத்தான் தப்ப முடியும். ஆட்டம் டிராவை நோக்கிப் போயிருக்கும்.

ஆனந்த் குதிரையை எடுத்தார். கோணல் திறந்துகொண்டது. கார்ல்சன் ராணியை இ1-ல் வைத்தார். இனி யானை எச்4 வந்தால் அது வெட்டுப்படும். ஆனந்த் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

தோற்கடித்தது எஃப்1-க்கு வந்த குதிரை. நான்காவது நகர்வில் எஃப்3-க்குப் போன சிப்பாயின் மேல் பழி போடாதீர்கள்.